பச்சை மூடிச் சீசா: தமியா எக்ஸ்ட்ரா தின் சிமெண்ட்

பிளாஸ்டிக் பாகங்களைச் சேர்த்துப் போர்விமானம், டாங்கி, கப்பல் என்று சிற்றளவில் கட்டிப் பார்ப்பவர்களின் மேசைகள் ஒன்றைப் போல் மற்றொன்று இருப்பதில்லை. ஒருவர் ஜப்பானியப் பெயிண்ட் வைத்திருப்பார், இன்னொருவர் ஸ்பெயினிலிருந்து வருவதைத்தான் தொடுவார். ஒருவரிடம் பாகங்களை வெட்டியெடுக்கும் விலையுயர்ந்த நிப்பர் இருக்கும், இன்னொருவர் நகவெட்டியை வைத்தே காலம் தள்ளுவார். ஆயினும் பச்சை மூடி போட்ட ஒரு குட்டைக் கண்ணாடிச் சீசாவை அநேகமாக எல்லா மேசைகளிலும் பார்க்கலாம். ஜப்பானின் ஷிசுவோகா நகரைச் சேர்ந்த தமியா நிறுவனம் விற்கும் எக்ஸ்ட்ரா தின் சிமெண்ட் அது. சீசாவின் கொள்ளளவு 40 மி.லி.; மூடியின் உட்புறத்திலேயே கூர்முனைத் தூரிகை ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். இதுவரை நான்கு சீசாக்களைத் தீர்த்து ஐந்தாவதைத் திறந்திருக்கிறேன் என்பதால், இதைப் பற்றி நிதானமாக எழுதும் உரிமை எனக்கு வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

முதலில் பெயரைப் பற்றி. "சிமெண்ட் வாங்க வேண்டும்" என்று வீட்டில் சொன்னபோது, மாடியில் எந்த இடத்தில் விரிசல் விட்டிருக்கிறது என்று என் தாயார் கேட்டார். அவர் மனத்தில் இருந்த சிமெண்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பது ஒருபுறம் இருக்க, நாம் பசை என்று சொல்லும் பொருளுக்கும் இதற்குமே தொடர்பு குறைவு. ஃபெவிகாலோ சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனோ இரண்டு பரப்புகளுக்கு நடுவே மூன்றாவது பொருளாக நின்று அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. இந்தச் சீசாவில் அப்படி நிற்கக்கூடியது எதுவும் இல்லை. இதில் இருப்பவை அசிட்டோனும் பியூட்டைல் அசிடேட்டும். இரண்டுமே ஆவியாகிப் போகும் கரைப்பான்கள். மாதிரிக் கிட்களின் பாகங்கள் பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கில் வார்க்கப்படுகின்றன. அந்தப் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை இந்தக் கரைப்பான்கள் இளக்குகின்றன, இளகிய இரு பரப்புகளும் ஒன்றோடொன்று கலக்கின்றன, கரைப்பான் பறந்த பின் அங்கே எஞ்சியிருப்பது பிளாஸ்டிக் மட்டுமே. கொல்லர் இரும்பைப் பற்றவைப்பதற்குத்தான் இது நெருக்கமான உறவு. நன்றாகக் காய்ந்த இணைப்பை வேண்டுமென்றே உடைக்க முயன்றால், இணைப்பு விடாமல் பக்கத்துப் பிளாஸ்டிக் உடைவதை நானே பார்த்திருக்கிறேன்.

இதைப் புரிந்துகொள்ளாமல் பசையைப் போல் பயன்படுத்துகிறவர்கள்தான் இதைக் குறை சொல்கிறார்கள். ஃபெவிகால் பழகிய கை முதலில் தடவும், பிறகு சேர்க்கும். இங்கே அந்த வரிசை தலைகீழ். இரண்டு பாகங்களையும் ஈரம் எதுவும் இல்லாமல் முதலில் சேர்த்துப் பிடிக்க வேண்டும். இடைவெளி தெரிந்தால் உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்ய வேண்டும். ரப்பர் பேண்டோ துணி மாட்டும் கிளிப்போ போட்டு இறுக்கிய பிறகே தூரிகையின் நுனியை இணைப்புக் கோட்டில் ஓரிடத்தில் தொட வேண்டும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் அந்தத் திரவம் கோட்டின் வழியே தானாக ஓடும். நல்ல கிட்டாக இருந்தால் ஒரு தொடுதலில் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் வரை பரவிப் போவதைக் கண்ணால் பார்க்கலாம். பிளாஸ்டிக்கின் நிறம் அந்தக் கோட்டில் ஒரு கணம் கறுத்து, பிறகு பழைய நிறத்துக்குத் திரும்பும். திரவம் பரவாமல் ஓரிடத்தில் நின்றுவிட்டால் அங்கே பாகங்கள் சரியாக உட்காரவில்லை என்று பொருள். ஆகவே இது ஒட்டுவதோடு, என் வேலையின் குறையைக் காட்டிக்கொடுக்கவும் செய்கிறது. இந்த இரண்டாவது குணத்துக்காகவே நான் இதை விரும்புகிறேன்.

இந்தச் சீசாவை நான் உண்மையில் கற்றுக்கொண்டது தமியாவின் 1/35 அளவு, அதாவது நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு, டி-72எம்1 டாங்கியைக் கட்டியபோதுதான். ஆவடிக்கு அருகில் வளர்ந்தவனுக்கு அந்த டாங்கியைத் தேர்ந்தெடுக்கக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. 1965-ல் முதல் விஜயந்தா டாங்கியை வெளியே அனுப்பிய அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலை, பிற்பாடு டி-72எம்1 டாங்கிகளையும் உரிமம் பெற்றுக் கட்டியது, அவற்றுக்கு அஜேயா என்று பெயரும் வைக்கப்பட்டது. நிஜ டாங்கியின் பீரங்கிக்கு உள்விட்டம் 125 மி.மீ. என்பதால் 1/35 அளவில் அது மூன்றரை மில்லிமீட்டர் சொச்சம். இவ்வளவு மெல்லிய குழல் நீளவாக்கில் இரண்டு பாதிகளாக வரும்போது, நடுவே கோடு தெரியாமல் சேர்ப்பது கஷ்டமான வேலை. டியூபில் அடைத்து வரும் பசையை வைத்து நான் முன்பு செய்த குழல்கள் எல்லாவற்றிலும் ஒரு பக்கம் பிதுங்கியும் இன்னொரு பக்கம் பள்ளமாகவும் இருந்தன. அதன் பிறகு பட்டி பார்த்து, தேய்த்து, மீண்டும் பட்டி பார்த்து அலுத்துப்போவேன்.

இந்தச் சிமெண்டை வைத்துச் செய்யும் முறை வேறு. இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடித்துக் கோடு முழுவதும் ஒருமுறை ஓட விட்டு, பத்து விநாடி பொறுத்து, இன்னொரு முறை ஓட விட வேண்டும். அதன் பிறகு இரண்டு விரல்களால் மெதுவாக அழுத்தினால், இளகிய பிளாஸ்டிக் கோட்டின் நெடுகிலும் மயிரிழை அளவுக்கு ஒரு சிறு வரப்பாக மேலே எழும். அந்த வரப்பைத் தொடவே கூடாது. ஒரு நாள் முழுவதும் விட்டு, முடிந்தால் இரண்டு நாள் விட்டு, முதலில் கத்தியின் முதுகால் சுரண்டி, பிறகு 400, 800, 1200 என்று உப்புத்தாளை மாற்றிக்கொண்டே போனால், கோடு இருந்த சுவடே தெரியாது. பட்டி தேவைப்படுவதில்லை, பிளாஸ்டிக்கின் இடைவெளியைப் பிளாஸ்டிக்கே நிரப்பிவிடுகிறது. அவசரப்பட்டு மறுநாள் காலையிலேயே தேய்ப்பவர்களுக்கு ஒரு தண்டனை உண்டு. உள்ளே மிச்சமிருக்கும் கரைப்பான் வாரக்கணக்கில் மெல்ல வெளியேறும்போது இணைப்பு லேசாக உள்வாங்கும். பெயிண்ட் அடித்து முடித்துக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்த பிறகு, இல்லாமல் போன கோடு ஆவிபோல் மறுபடியும் தெரியத் தொடங்கும்.

டாங்கியின் சுழல்கோபுரம் இன்னொரு பாடம். நிஜத்தில் அது வார்ப்பு எஃகு. கையால் தடவினால் சொரசொரப்பு தெரியும் பரப்பு. கிட்டில் வரும் பிளாஸ்டிக் அதைவிட வழவழப்பாக எனக்குப் பட்டது. சிமெண்டைக் கோபுரத்தின் மேல் ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் பூசி, பரப்பு இளகிய கணத்தில், முடியை ஒட்ட வெட்டிய பழைய பெயிண்ட் தூரிகையால் செங்குத்தாகக் குத்திக்கொண்டே போனால், நுண்ணிய மேடுபள்ளங்கள் எழுகின்றன. முதலில் ஸ்ப்ரூவின் மேல், அதாவது பாகங்களைப் பிடித்து நிற்கும் பிளாஸ்டிக் சட்டத்தின் மேல், பழகிப் பார்த்துவிட்டுத்தான் கோபுரத்தில் கை வைத்தேன். அப்படியும் ஒரு மூலையில் கூடுதலாகக் குத்திவிட்டேன். அந்த இடத்தில் இப்போது ஒரு கருவி மூட்டை கட்டப்பட்டிருக்கிறது.

சக்கரங்களுக்கு வருவோம். டி-72க்குப் பக்கத்துக்கு ஆறு இரட்டைச் சாலைச் சக்கரங்கள், ஆகமொத்தம் 24 வட்டத் தகடுகள். ஒவ்வொரு சோடிக்கும் நடுவே பாலி கேப் எனப்படும் மென்மையான வளையத்தை வைத்து மூட வேண்டும். அதனால்தான் கட்டி முடித்த பிறகும் சக்கரம் சுழல்கிறது. 1/35 என்ற அளவே, 1960-களின் தொடக்கத்தில் தமியா வெளியிட்ட பேந்தர் டாங்கிக்குள் மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டுமே என்று வைத்த உருவத்திலிருந்து பிறந்தது. சுழலும் சக்கரம் அந்தக் காலத்தின் மிச்சமோ என்னவோ. பாலி கேப் பாலிஎத்திலீனால் ஆனது, இந்தச் சிமெண்ட் அதைத் தீண்டுவதில்லை. எனவே தகடுகளின் ஓரத்தில் தாராளமாகத் தொட்டாலும் நடுவளையம் ஒட்டிக்கொண்டு சக்கரம் நின்றுவிடும் பயம் இல்லை. பன்னிரண்டு சக்கரங்களையும் ஒரு மாலைப் பொழுதில், தேநீர் ஆறுவதற்குள் என்று சொல்ல முடியாவிட்டாலும், இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிட்டேன்.

இனி இது செய்யும் கெடுதல்கள். திரவம் எந்த இடுக்கு கிடைத்தாலும் ஓடும் என்று சொன்னேன். இணைப்புக் கோட்டின் மேல் உங்கள் கட்டை விரல் இருந்தால் விரலுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவிலும் ஓடும். டாங்கியின் அடிப்பாகத்தை இறுகப் பிடித்துக்கொண்டு சிமெண்டைத் தொட்டபோது, ஆதார் பதிவில் கொடுத்ததைவிடத் தெளிவாக என் ரேகை அதில் பதிந்தது. அதைத் தேய்த்து எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. இப்போது இணைப்பிலிருந்து விரலை ஒரு சென்டிமீட்டராவது தள்ளித்தான் பிடிக்கிறேன். முடிந்தவரை பாகத்தின் உட்புறத்திலிருந்து தொடுகிறேன். தவறி ஒரு துளி மேற்பரப்பில் விழுந்துவிட்டால் துடைக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் எதிர்மாறாகத் தோன்றும் விதி. அப்படியே விட்டால் பெரும்பாலும் ஆவியாகி, லேசான பளபளப்பை மட்டும் விட்டுச்செல்லும். பெயிண்ட் அதை மூடிவிடும். துடைத்தாலோ இளகிய பரப்பில் இருக்கும் ஆணித் தலைகளும் தகட்டுக் கோடுகளும் துணியோடு வந்துவிடும்.

விமானம் கட்டுவோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 1/72 அளவில் இறக்கையின் பின்விளிம்பு காகிதம்போல் மெலிந்திருக்கும். அங்கே தூரிகை நிறையச் சிமெண்டை வைத்தால் விளிம்பு முழுவதுமே இளகி அலையலையாக நெளிந்துவிடும். சீசாவின் வாயில் தூரிகையை இரண்டு முறை வழித்துவிட்டுத் தொடுவது நல்லது. விமானியின் கண்ணாடிக் கூண்டுக்கு இதைப் பயன்படுத்தவே வேண்டாம். ஒரு துளி தவறி ஓடினால் தெளிவான பிளாஸ்டிக்கில் அழியாத தடம் விழும்; அதற்கு நம் ஃபெவிகாலே போதும், காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது, வழிந்ததை ஈரத் துணியால் துடைக்கலாம். பெயிண்ட் அடித்த பாகங்களை ஒட்டும்போதும் எச்சரிக்கை தேவை. இணையும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி எடுக்காவிட்டால், சிமெண்ட் பெயிண்டைத்தான் கரைக்கும், பிளாஸ்டிக் வரை போய்ச் சேராது; ஒட்டியதுபோல் நின்று மறுநாள் கழன்று விழும்.

இது ஒட்டவே ஒட்டாத பொருள்களும் பல. கப்பல் கட்டுவோர் வாங்கும் பித்தளைக் கைப்பிடி வேலிகள், ரெசினில் வார்த்த பாகங்கள், உலோகக் குழல்கள் ஆகியவற்றுக்குச் சூப்பர் குளூதான். நம் ஊரில் மளிகைக் கடையிலேயே தொங்கும் ஃபெவிக்விக் அந்த வேலைக்குத் தாராளமாக உதவுகிறது. ஏபிஎஸ் பிளாஸ்டிக்குக்குத் தமியாவே தனியாக ஒரு சிமெண்ட் விற்கிறது. ஃபெவிக்விக்கையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்தினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பயன்படுத்தலாம், ஆனால் அது ஒட்டிய நொடியே உறைந்துவிடும், இறக்கையை அரை டிகிரி திருத்த நேரம் தராது, உறைந்த இணைப்பு ஒரு தட்டுக்கே படீரென்று விட்டுவிடும். பச்சை மூடியோ பிடித்த பிறகும் ஒரு நிமிடம் போலத் திருத்த இடம் கொடுக்கிறது.

நம் தட்பவெப்பத்தில் இதன் நடத்தை கொஞ்சம் மாறுகிறது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அசிட்டோனின் கொதிநிலை 56 டிகிரி செல்சியஸ், பியூட்டைல் அசிடேட்டின் கொதிநிலை 126. முதலாவது விரைந்து இளக்கி விரைந்து பறக்கிறது, இரண்டாவது தங்கியிருந்து வேலையை முடிக்கிறது. சென்னையின் மே மாதத்தில், தலைக்கு மேல் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றும்போது, சீசாவிலிருந்து எடுத்த தூரிகை பாகத்தைத் தொடுவதற்குள் பாதி காய்ந்துவிடுகிறது. அந்தக் கோட்டில் திரவம் ஓடாமல் நிற்பதற்குக் காரணம் பாகம் சரியில்லாதது அல்ல, விசிறிதான். விசிறியை நிறுத்தினால் வியர்வை மாதிரியின் மேல் சொட்டுகிறது. நான் இதற்குக் கண்ட வழி, மேசையைச் சன்னலோரம் போட்டு விசிறியை ஒன்றாம் எண்ணில் வைத்து, கோடைக்காலத்தில் விடிகாலையில் மட்டும் ஒட்டுவது. மூடியைத் திறந்தே வைத்துக்கொண்டு வேலை செய்யும் பழக்கத்தையும் விட வேண்டும். அசிட்டோன்தான் முதலில் பறக்கும் என்பதால், பாதி தீர்ந்த பழைய சீசாவில் இருப்பது புதிதில் இருந்த அதே திரவம் அல்ல. பிடிப்பதற்கு முன்னைவிட நேரம் எடுத்துக்கொள்கிறது. அப்படிப்பட்ட அடிமிச்சத்தை நான் வீணாக்குவதில்லை. அதே கிட்டின் ஸ்ப்ரூவைப் பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டு இரண்டு நாள் வைத்தால் தேன் பதத்தில் ஒரு குழம்பு கிடைக்கிறது. இடைவெளிகளை நிரப்ப அதைவிடப் பொருத்தமான பட்டி கிடையாது, ஏனென்றால் அது அந்த மாதிரியின் பிளாஸ்டிக்கேதான்.

இதே குடும்பத்தில் வேறு சீசாக்களும் உண்டு. தமியாவின் வழக்கமான, கெட்டியான சிமெண்டில் ரெசின் கலந்திருப்பதால் மெதுவாகக் காயும்; பரந்த பரப்புகளுக்கும், நிறுத்தி வைத்துத் திருத்த வேண்டிய பாகங்களுக்கும் அது நல்லது. எக்ஸ்ட்ரா தின் வகையிலேயே விரைந்து காயும் ஒன்று வருகிறது. குளிர்நாட்டில் இருப்பவர்கள் அதைப் புகழ்வது நியாயம். நம் வெயிலில் சாதாரண வகையே விரைந்துதான் காய்கிறது, கூடுதல் பணம் கொடுத்து அவசரத்தை வாங்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். ஆரஞ்சுத் தோலில் இருக்கும் லிமோனீன் என்ற பொருளைக் கொண்டு செய்த வகை மணமாக இருக்கிறது, நெடி தலைக்கு ஏறுவதில்லை; ஆனால் பிடிமானம் மெதுவாக வருகிறது. சிறிய வீட்டில், குழந்தைகள் நடமாடும் அறையில் கட்டுபவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். ஹார்டுவேர் கடைத் தின்னரை ஊற்றி மிச்சம் பிடிப்பவர்களையும் எனக்குத் தெரியும். அந்தத் தின்னரில் என்ன என்ன கலந்திருக்கிறது என்பது கடைக்குக் கடை மாறும், அதன் நெடியில் ஒரு மணி நேரம் உட்கார முடியாது. ஒரு சீசா எனக்கு ஏறக்குறைய ஒரு வருடம் வருகிறது. அந்தக் கணக்கில் பார்த்தால், கிட்டுக்குச் செலவழிக்கும் பணத்தின் முன் இதன் விலை பெரிதாகத் தெரிவதில்லை.

வாங்குவதில்தான் தொல்லை. இது எளிதில் தீப்பற்றும் திரவம் என்பதால் விமான வழிக் கூரியரில் தயங்குகிறார்கள். ஓர் இணையக் கடை எனக்குச் சீசாவையும் ஒரு கிட்டையும் ஒரே பெட்டியில் வைத்து அனுப்பியது. மூடி தளர்ந்து, கால்வாசி கசிந்து, கிட்டின் செய்முறைத் தாள் நனைந்து காய்ந்து அப்பளம்போல் வந்தது. பிளாஸ்டிக் பாகங்கள் தனித்தனி உறைக்குள் இருந்ததால் தப்பித்தன. அதன் பின் நேரில் கடைக்குப் போகும்போது இரண்டாக வாங்கி வைத்துவிடுகிறேன். தீப்பற்றும் என்று சொன்னதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்: மாலையில் கொசுவர்த்தியைக் கொளுத்தி மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு வேலை செய்யும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு, எனக்கும் இருந்தது. இந்தச் சீசா திறந்திருக்கும்போது அது கூடாது; சாமி அறையின் ஊதுபத்தியும் அருகில் கூடாது.

குறை என்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டுமானால் சீசா கடைசிவரை ஒரே மாதிரி உதவுவதில்லை என்பதைச் சொல்லலாம். கடைசி அரை அங்குலத் திரவத்துக்குச் சீசாவைச் சாய்த்துப் பிடித்துத்தான் தூரிகையை நனைக்க வேண்டியிருக்கிறது. சாய்க்கும்போது கை தவறுவதற்கும் வாய்ப்பு அதிகம். எனக்குத் தவறியது. சீசா கவிழாமல் இருக்கட்டும் என்று, குளிர்சாதனப் பெட்டி வாங்கியபோது வந்த தெர்மகோல் துண்டில் குழி வெட்டி அதற்குள் உட்கார வைத்திருந்தேன், அதற்காகக் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டும் இருந்தேன். தெர்மகோலும் பாலிஸ்டைரீன்தான் என்பது, சிந்திய ஒரு கரண்டிச் சிமெண்ட் பட்ட இடத்தில் அது பனிக்கட்டிபோல் உள்வாங்கிச் சீசாவோடு ஒரு பக்கம் சரிந்தபோதுதான் நினைவுக்கு வந்தது. ஐந்தாவது சீசா இப்போது பரணிலிருந்து இறக்கிய பித்தளை உழக்கினுள், சுற்றிலும் பழைய துணி திணித்து, ஆடாமல் நிற்கிறது.